கேரளப் பல்கலைக்கழகத் தமிழாய்வு: ஒரு மதிப்பீடு

பிழைப்பை நாடி மலையேறி வந்த நம்மவர் வீடுகளில் பல்கலைக்கழகம் என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான் வழங்குகிறது. பிள்ளை அங்கே சென்று பட்டம் பெறுவான். பட்டத்தைக் காட்டி வேலை பெறுவான். அரசுப் பணத்தில் அங்கே நடைபெறும் ஆய்வுகள் எவை, அவற்றுள் நமக்குரியது எது என்று நாம் கேட்பதில்லை. வித்துராவில் 2008-க்குப் பின் எழுந்த நடுவண் அரசின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அதன் உள்ளே நடப்பதும் நமக்கு அயலாகவே இருக்கிறது. அறிவியலை எடைபோடும் தகுதி கலைப்பட்டத்தோடு கோப்பு பார்க்கும் நமக்கு இல்லை. தமிழாய்வைப் பற்றி மட்டும் சில கூறத் துணிகிறோம்.

கேரளப் பல்கலைக்கழகம் 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 1957-இல் இன்றைய பெயரை ஏற்றது. தமிழாய்வு திருவனந்தபுரத்தில் அதற்கும் முற்பட்டது. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இங்கே மெய்யியல் பேராசிரியராக இருந்தவர். கவிஞர் என்றே அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் தென் திருவிதாங்கூரின் கல்வெட்டுகளைப் படித்து, அந்நாட்டின் பழைய மன்னர் வரிசையைப் பற்றி 1894-இல் நூல் வெளியிட்ட ஆராய்ச்சியாளரும் அவரே. கற்பனைக்கும் கல்லெழுத்துக்கும் ஒருவரிடமே இடமிருந்தது என்பது இன்றைய ஆய்வு மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைக்கு அழகப்பச் செட்டியாரின் கொடை கால்கோளாயிற்று. 1951 முதல் 1954 வரை அத்துறையில் பேராசிரியராக விளங்கியவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்துக் கொடுத்த பின்னர் இங்கு வந்தவர் அவர். திருக்குறளைக் கி.பி. 600-ஐ ஒட்டி வைத்தமைக்காக அவர் பட்ட வசை கொஞ்சமன்று. அக்கால வரையறையை நாமும் ஏற்கவில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருமிதத்தால் காலத்தை முன்தள்ளுவோர் சொல்லை எண்ணுவதில்லை, அவர் எண்ணினார். எந்தச் சொல் எந்த நூலில் முதன்முதல் வருகிறது, எந்த உருபு எப்போது வழக்கிறந்தது என்று பார்த்தே முடிவுக்கு வந்தார். முடிவை மறுப்பவரும் அதே வழியில் சென்றுதான் மறுக்க முடியும்.

இந்த எண்ணும் முறையை ஒரு கழகத்தின் மரபாகவே ஆக்கியவர் வ. ஐ. சுப்பிரமணியம். நாகர்கோயிலை அடுத்த வடசேரியில் பிறந்து, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்று மீண்டவர். புறநானூற்றுக்கு அவர் அமைத்த சொல்லடைவு 1962-இல் வெளிவந்தது. சொல்லடைவு என்பது யாது? கிடைத்துள்ள பாட்டுகள் அனைத்திலும் வரும் ஒவ்வொரு சொல்லையும் பிரித்தெடுத்து, பெயரா வினையா இடையா உரியா என்று வகுத்து, எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறதெனக் குறித்து, அகர வரிசையில் நிறுத்துவது. வேற்றுமை உருபும் வினை விகுதியும் தப்புவதில்லை. கணிப்பொறி மேசைக்கு வராத காலத்தில் இஃது எத்தகைய உழைப்பு என்பதைப் பேரேடு எழுதிப் பழகியவர் உணர்வர். ஒரு வரி தவறினால் மொத்தமும் கோணும்.

அவருக்குப் பின்னும் முன்னுமாக ஒரு மாணவர் அணியே இத்துறையில் இறங்கியது. சிலப்பதிகாரத்தின் மொழியை ச. வே. சுப்பிரமணியன் ஆராய்ந்தார். ஐங்குறுநூற்றின் இலக்கணமும் சொல்லடைவும் மா. இளையபெருமாளின் உழைப்பால் 1975-இல் நூலாயின. பாட்டின் சுவையை நாடி இந்நூல்களைத் திறப்பவர் ஏமாந்து போவார். ஒலியன், உருபன், தொடர் என்று வற்றிய ஆற்றுமணலாக விரியும் பக்கங்கள் அவை. ‘சொல்லை எண்ணுவதும் ஒரு புலமையா?’ என்று மேடைப் பேச்சாளர் நகைப்பதுண்டு. அந்நகைப்பு நமக்கு உடன்பாடன்று. சங்கப் பாட்டின் ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் கூறும் பொருள் சரிதானா என்று ஐயுறுபவர், அச்சொல் வருமிடங்கள் அனைத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இவ்வடைவுகளைவிட நேரிய துணை இல்லை. மணலில் ஊற்று தோண்டுவோர்க்கு மணலின் அருமை தெரியும்.

ஆயினும் குறைகளைக் கூறாமல் விடுவது நட்பன்று. முதற்குறை மொழி. மேற்கூறிய நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. உலக அறிஞர் படிக்க வேண்டும் என்ற நோக்கம் நன்றே. அதனால் தமிழர்க்குத் தமிழைப் பற்றிய அறிவு எட்டாமற்போனதும் உண்மையே. இரண்டாங்குறை அச்சில் வார்த்தாற்போன்ற போக்கு. முதலில் ஒருவர் ஒரு நூலுக்குச் செய்தது துணிவு. அடுத்தவர் அடுத்த நூலுக்கு அதே சட்டகத்தைப் பொருத்துவது எளிமை. சட்டகம் முந்திக்கொண்டு நூல் பின்தங்கிவிடும்போது, புறநானூற்றுக்கும் ஐங்குறுநூற்றுக்கும் உள்ள வேறுபாடு இயல் தலைப்புகளில் மறைந்தே போகிறது.

மூன்றாவது குறைதான் நம்மைச் சுடுவது. இவ்வாய்வுகளின் அகலம் காலத்தில் பெரிது, இடத்தில் சிறிது. ஈராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லும் ஆராய்ச்சிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பேசப்படும் தமிழ் போதிய அளவு கண்ணிற்படவில்லை. இம்முறை இங்கே தெரியாததும் அன்று. 1963-இல் அமைந்த மொழியியல் துறை, மலையாளக் கிளைமொழிகளை ஊர் ஊராகத் தொகுத்து, ஈழவர்-தீயர் பேச்சு பற்றிய தொகுதியை 1974-இல் வெளியிட்டது. அதன் பின்னிருந்தவரும் அதே வ. ஐ. சுப்பிரமணியம்தான். மலையாளத்தின் ஒரு பேச்சு வழக்குக்கு அத்தனை செவி சாய்த்த கழகம், கேரளத் தமிழுக்கும் அதே அளவிற் செவி சாய்த்திருக்கலாகாதா?

செவி சாய்ப்பதன் பயனை நம் பக்கத்து ஊர் காட்டியிருக்கிறது. வித்துராவுக்கு அண்மையிலுள்ள பாலோட்டின் வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் 1979-இல் தொடங்கப்பட்டது. 1987-இல் ஆய்வாளர் சிலர் காணிக்காரர் வழிகாட்ட அகத்தியமலைக் காட்டினுள் சென்றனர். வந்தவர் களைத்தனர், காணிகள் களைக்கவில்லை. அவர்கள் இடையிடையே மென்று வந்த சிறு கனி எதுவென்று கேட்டறிந்ததிலிருந்து ஆரோக்கியப்பச்சை என்னும் செடி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதனினின்று ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. உரிமத் தொகையில் ஒரு பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அப்பங்கீட்டைப் பற்றிய வழக்குரைகள் பின்னர் எழுந்தன. அவை வேறு கதை. நாம் கொள்ள வேண்டியது, மலைவாழ் மனிதனிடம் ‘இது என்ன?’ என்று ஓர் ஆய்வாளர் கேட்டார் என்பதே. செடியைக் கேட்டவர் உண்டு. சொல்லைக் கேட்பவர் பலராக வேண்டும்.

தமிழ் முனிவனின் பெயர் தாங்கிய மலை அது; 1,868 மீட்டர் உயரம். அம்மலைக்கு வழி தொடங்கும் போணக்காட்டிலும், பொன்முடிச் சரிவுகளிலும் தேயிலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் உள்ளனர். கொழுந்து, கவாத்து, லயம், கங்காணி என்று அவர்கள் வாயில் ஓர் அகராதியே இருந்தது. போணக்காட்டுத் தேயிலை ஆலை ஓய்ந்து கிடக்கிறது. தொழில் போனால் தொழிலின் சொல்லும் போகும். நெல்லைத் தமிழின் மேல் மலையாளம் படிந்த அவ்வழக்கில் எவ்வெச் சொற்கள் நின்றன, எவை மாறின, பாட்டி சொன்ன வினைமுற்றை பேத்தி எப்படிச் சொல்கிறாள் என்பது மொழியியலுக்கு அரிய பொருள். நம் பிள்ளைகளுட் பலர் தமிழை மலையாள எழுத்தில் எழுதிக்கொள்கின்றனர். அதுவும் ஆராயத்தக்கதே, நாணத்தக்கதன்று.

கல்வெட்டுகளும் சங்க நூல்களும் தமிழ் இம்மண்ணுக்கு விருந்தாளி அன்று என்று மெய்ப்பித்தன. சேரநாட்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தோர்க்கும், மேற்சொன்ன சொல்லடைவாளர்க்கும் அதற்காக நாம் கடன்பட்டிருக்கிறோம். கூலிக்கு வந்தவன் மொழி என்று நம் பேச்சைச் சிலர் ஒதுக்கும்போது அவ்வேடுகளே நம் பக்கம் நிற்கின்றன. ஆனால் அவை சேரனின் தமிழுக்குச் சான்று. தேயிலை பறித்தவளின் தமிழுக்குச் சான்று இன்னும் எழுதப்பட வேண்டியதாயிருக்கிறது.

காரியவட்டத்தில் முனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடும் மாணவர் எவரேனும் இம்மலரைப் புரட்டினால், அவரிடம் ஒரு வேண்டுகோள். வித்துராவுக்குப் பேருந்து உண்டு. ஒலிப்பதிவுக் கருவி இன்று சட்டைப்பையில் அடங்குகிறது. லயங்களில் பிறந்து எண்பதைத் தொட்ட மூதாட்டியர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் வீடுகளைக் காட்டித் தர நம் சங்கத்தார் உடன் வருவர்.