உள்ளே மிஞ்சும் ஆள்

காஃப்காவின் 'உருமாற்றம்' 1915இல் புத்தகமாக வரவிருந்தபோது, அட்டையில் கதைநாயகன் உருமாறும் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தொலைவில் தெரிவதுபோலக்கூடக் காட்ட வேண்டாம் என்று அவர் பதிப்பகத்துக்கு எழுதினார். ஓவியர் ஒட்டோமார் ஸ்டார்கே வரைந்தது, சற்றே திறந்த கதவிலிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு விலகும் ஒரு மனிதனை. உருமாற்றக் கதையின் அச்சம் எங்கே குடியிருக்கிறது என்று காஃப்காவுக்குத் தெரிந்திருந்தது. மாறிப்போன உடம்பைவிட, அதற்குள் மாறாமல் மிஞ்சிய ஆள்தான் நம்மைக் கலங்கடிக்கிறார்.

பூச்சியாகக் கண்விழித்த கிரகர் சாம்சா, ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டதற்காகப் பதறுகிறான். வீட்டார் பேசுவது அவனுக்குப் புரிகிறது. அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. இந்த ஒருவழிப் பாதை மிகப் பழையது. ரோமானியக் கவி ஓவிட் சொன்ன கதையில், டயானா நீராடுவதைக் கண்டுவிட்ட ஆக்டியோன் மானாகிறான். தான் வளர்த்த வேட்டை நாய்களிடம் தன் பெயரைச் சொல்ல நினைக்கிறான், நாக்கு எழவில்லை. நாய்கள் அவனைக் கிழித்துப்போடுகின்றன. ஜப்பானின் நகாஜிமா அட்சுஷி எழுதி 1942இல் வெளியான சிறுகதையில், கவிஞனாகத் தோற்றவன் புலியாகிவிடுகிறான். புதருக்குள் மறைந்துகொண்டு, பழைய நண்பனிடம் தன் கவிதைகளை எழுதிக்கொள்ளச் சொல்கிறான். மனித நினைவு தங்கும் நேரம் நாளுக்கு நாள் குறைகிறது என்ற அவனுடைய வாக்குமூலம் புலியின் பல்லைவிடக் கொடியது.

மனத்துக்குள் நுழைய எழுத்துக்கு வழி உண்டு. ஒளிப்படத்துக்கு வெளித்தோற்றம் மட்டுமே கைவசம். அதனால் அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: உடம்பை அப்படியே விட்டு, ஆளை அடையாளம் காணும் இடத்தைப் பறித்துவிடுகிறது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் மூக்குக்கண்ணாடித் தொழில் செய்த ரால்ஃப் யூஜின் மீட்யார்ட், மனைவி மக்களுக்கும் நண்பர்களுக்கும் மலிவான ரப்பர் முகமூடிகளை மாட்டிப் படமெடுத்தார். நிற்கும் விதம், தொங்கும் கைகள் எல்லாம் குடும்ப ஆல்பத்தில் பார்ப்பவையே. முகம் மட்டும் வேறு. 1981இல் 22 வயதில் இறந்த பிரான்செஸ்கா உட்மன், பாழடைந்த வீடுகளில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்துத் தன்னையே படமெடுத்தார். அசையாத சுவர் விரிசல் வரை தெளிவாக விழ, அசைந்த உடம்பு புகையாகக் கரைகிறது. வீடு உண்மை, அதில் இருப்பவள் சந்தேகம் என்று ஆகிவிடுகிறது. டோரா மார் 1936இல் எடுத்த 'உபு' படத்தில் இருப்பது அர்மடில்லோவின் கரு என்பது பலரின் ஊகம். அவர் அதைக் கடைசிவரை உறுதிசெய்யவில்லை. பெயர் கிடைத்திருந்தால் அது விலங்கியல் படமாகிச் சாதுவாகியிருக்கும்.

இந்த வரிசையில் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943) தனியாக நிற்கிறது. மற்றக் கதைகளில் மனித உருவை இழப்பது தண்டனை. இங்கே கல்லாக இருந்த அகலிகை பெண்ணாக மீள்கிறாள். ஊரின் பேச்சும் பார்வையும் அவளை விடுவதில்லை. சீதையைத் தீயில் இறங்கவைத்த செய்தி அவளை உலுக்குகிறது. கணவன் கோதமன் தழுவும்போது அவன் இந்திரனாகவே தோன்ற, மறுபடியும் கல்லாகிறாள். உள்ளே மிஞ்சிய ஆளுக்கு அதுவே விடுதலையாகிறது. பூச்சியையும் புலியையும் கண்டு அஞ்சும் வாசகர், இங்கே அஞ்சவேண்டியது கல்லே மேல் என்று ஒருத்தியை நினைக்கவைத்த மனிதர்களைக் கண்டு. உருமாற்ற இலக்கியம் எழுப்பக்கூடிய ஆகப்பெரிய அச்சம் இதுதான்.