மணி பார்த்து ருசிக்க வேண்டிய கள்

பீர் ரசிகர்களிடம் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பு வகுத்தது. மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்க்குள் உணரும் பதத்துக்கு 5, எல்லாம் சேர்ந்து மனத்தில் நின்றதற்கு 10. பெங்களூரில் கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றும் இடங்கள் பெருகிய பிறகு நம் பையன்களும் இதைப் படித்துவிட்டு, கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை தூக்கலா, கிராம்பு தூக்கலா என்று தர்க்கம் செய்கிறார்கள். நல்ல பழக்கம்தான். மடமடவென்று இறக்காமல் ஒரு நிமிஷம் முகர்ந்து பார்க்கச் சொல்லும் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இதே தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குப் போனால் மதிப்பெண் போட என்ன கிடைக்கும்? தென்னங்கள் கிடைக்கும். கைவினை என்ற அடைமொழிக்கு அந்தப் பெங்களூர்க் கோப்பைகளைவிட இதற்குத்தான் உரிமை அதிகம் என்பது என் கட்சி.

எல்லை தாண்டினால் இது குற்றம். கடலூர் சாலையில் முள்ளோடையைக் கடந்தால் அதே தென்னை, அதே மண், அதே கடற்காற்று. ஆனால் பாளையைச் சீவினால் வழக்கு. தமிழ்நாட்டில் 1987-இல் வந்த கள் தடை இன்னும் நீங்கவில்லை. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரிக்கு மதுவிஷயத்தில் தனி வழி. இங்கே கலால் துறை கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் ஏலம் விடுகிறது. சாராயத்தை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம். அது ஆலைச் சரக்கு. வில்லியனூர் பக்கம் ஆரியபாளையத்தில் அதற்கென்று அரசு வடிசாலையே இருக்கிறது. ருசித்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. குடிக்கிறவர்களும் ருசிக்காகக் குடிப்பதில்லை.

கள்ளின் கைவினை முழுக்க மரத்தின் உச்சியில் நடக்கிறது. விரியாத பாளையாகப் பார்த்து, அது வெடித்துவிடாதபடி இறுக்கிக் கட்டி, நாள்தோறும் சின்னக் கட்டையால் சுற்றிலும் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் உள்ளே இருக்கும் பூ நசுங்கி அழுகும். பயந்து பயந்து தட்டினால் சாறு இறங்காது. இப்படிப் பல நாள் பாளையைப் பழக்கிய பிறகுதான் நுனியைச் சீவி முட்டியைக் கட்டுவது. அதன் பிறகு காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவல். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டாலோ வாய் அடைத்துக்கொள்ளும். பீர் காய்ச்சுகிறவருக்கு வெப்பமானி உண்டு, அடர்த்தி பார்க்கும் கருவி உண்டு. மரமேறிக்கு இருப்பது பாளைக்கத்தியும் கையின் கனமும்தான்.

இறங்கும் சாறு தெளிவாக, நல்ல இனிப்பாக இருக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால், காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடும். யாரும் எதையும் சேர்ப்பதில்லை. காற்றை நம்பிப் புளிக்கவைக்கும் பீர் என்று உலகம் கொண்டாடுவது பெல்ஜியத்தின் லாம்பிக்கை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சில ஆலைகளில் காய்ச்சிய சாற்றை அகலமான திறந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறவிடுவார்கள். காற்றில் வருவது வந்து விழட்டும் என்று. பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டு. அந்த வேலையைக் கள் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிறது. லாம்பிக்குக்கு ஐரோப்பாவில் யாத்திரை போகிறவர்கள் இருக்கிறார்கள். பாகூருக்கு யாரும் போவதில்லை, கடலூர்க்காரர்களைத் தவிர.

பீர் என்றாலே வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார், அரிசியைக் கஞ்சியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அதில் அடையைக் கலந்து, கெட்டி வாய்ச் சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிற முறையை வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறார். தானியத்திலிருந்து காய்ச்சியது என்பதால் இது பீர் ஜாதி. காஞ்சிபுரத்துக்குப் போகும் வழியில் நடக்கிற சங்ககாலச் சமாசாரம். அரியாங்குப்பத்து ஆற்றோரம் அரிக்கமேட்டிலோ, 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவு பாணி ஜாடிகளும் அவற்றில் உண்டு. கோஸ் வைனில் கடல்நீர் கலப்பது அந்தக் காலத்து முறை. உப்புக் கரிக்கும் அந்த வைன் இங்கே வந்து இறங்கியபோது நம் ஊர்க்காரர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, அப்புறம் தன் கள் மொந்தையை எடுத்துக்கொண்டு என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

சரி, தாளுக்கு வருவோம்.

தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண்தான், அதில் தகராறில்லை. நல்ல கள் பால் வெள்ளை. நீலம் பாய்ந்த வெள்ளையாக, அடிவரை பார்வை போகிற மாதிரி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நுரை பொடிப்பொடியாக விளிம்பில் நிற்க வேண்டும். பெரிய குமிழ்கள் வந்து பட்டென்று அடங்கினால் நம்ப வேண்டாம்.

மணத்தில்தான் கள் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. முதலில் ஈஸ்ட்டின் மாவு வாசனை, அதன் அடியில் பழுத்த பழத்தின் மணம், அதற்கும் அடியில் அவித்த முட்டையை நினைவுபடுத்தும் லேசான கந்தக நெடி. புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பது இந்த மூன்றாவதுக்குத்தான். இதற்கு ஸைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவுக்கும் பங்குண்டு. 1920-களில் ஜெர்மானிய ஆய்வாளர் பால் லிண்ட்னர் மெக்சிகோவின் கற்றாழைக் கள்ளான புல்க்கேயில் இதை இனங்கண்டார். இங்கிலாந்தின் ஆப்பிள் சைடரில் இது புகுந்தால் நோய் என்பார்கள், பீரில் புகுந்தால் மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டுவார்கள். கள்ளிலோ இதுவும் ஒரு முன்னணி வேலைக்காரன். ஆகவே பீர்த் தாளில் ‘குறை’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டிய நெடி இங்கே குணத்தில் சேரும். அளவு மீறாதவரை.

ருசியில் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்த வேண்டும். ஹாப்ஸின் கசப்பு இங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னத் துவர்ப்பு நாக்கின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகும். துவர்ப்பே இல்லாமல் விழுங்கிய பிறகும் இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றால் சாக்கரினைச் சந்தேகிக்கலாம். பதம் என்ற ஐந்து மதிப்பெண்ணை நான் தாராளமாகப் போடுவேன்: சர்க்கரையைத் தின்னும் சில பாக்டீரியாக்கள் வழவழப்பான ஒரு பிசினையும் உண்டாக்குகின்றன, வாயை நிறைக்கும் அந்தக் கொழுமை, கலந்தும் கலவாமலும் சுர்ரென்று ஏறும் வாயு. குடிக்கிறவர்கள் ‘கடுப்பு’ என்று சொல்வது இந்த வாயுவையும் புளிப்பையும் போதையையும் சேர்த்துத்தான். போதை என்று பார்த்தால் பெரிதாக இல்லை, ஏறத்தாழ 5 விழுக்காடு. நம் ஊர் ‘ஸ்ட்ராங்’ பீர் 8-ஐ ஒட்டி நிற்கிறது.

இதுவரை தாள் தாக்குப்பிடிக்கிறது. இடறுவது எங்கே என்றால், எந்த நிமிஷத்துக் கள்ளுக்கு மதிப்பெண் போடுவது? பீர் ஆலையை விட்டு வரும்போதே முடிந்துபோன பண்டம். புட்டியில் சில மாதம் அப்படியே நிற்கும், குறைந்தபட்சம் நிற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கள் எப்போதும் நடுவழியில் இருக்கிறது. காலையில் இறக்கிய உடனே குடித்தால் பாதி பதநீர். முற்பகலில் இனிப்பு இறங்கி, வாயு ஏறி, இரண்டும் சமமாகும் ஒரு நேரம் வருகிறது. வெயில் காலத்தில் அது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும், மார்கழியில் சாவகாசமாக வரும். பிற்பகலில் புளிப்பு கை ஓங்கும். மறுநாள் வினிகர். ஒரே மொந்தையை மெல்லக் குடித்தால் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் வித்தியாசம் தெரியும். எனவே கள்ளுக்கு விமர்சனம் எழுதுகிறவர் தாளின் உச்சியில் இறக்கிய நேரம், குடித்த நேரம், வெயிலா மழையா என்று மூன்று கட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த விமர்சனத்துக்கு அர்த்தமில்லை.

நான்காவதாக ஒரு கட்டமும் வேண்டும்: எந்த மரம்?

ஒரே மரத்தில் இறங்கிய கள்ளுக்குத் தனி மதிப்பு உண்டு என்பது கள்ளை அறிந்த எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு மண்டலம் தொடர்ந்து குடித்தால் உடம்பு தேறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவம் எனக்குத் தெரியாது, ருசி தெரியும். ஏரி வாய்க்கால் ஓரம் நின்று தாராளமாகத் தண்ணீர் குடித்த மரத்தின் கள் நீர்த்தும் மென்மையாகவும் இருக்கும், மணப்பட்டுப் பக்கம் கடலோர மணலில் நிற்கும் மரத்துக்கு ஓர் அழுத்தம் உண்டு. உப்பு என்று சொல்லத் துணிய மாட்டேன், ஆனால் அந்தத் திசையில் ஏதோ ஒன்று. எனக்குப் பிடித்தது அதுதான். கடைக்கு வரும்போது இதெல்லாம் ஒரே பிளாஸ்டிக் பீப்பாயில் கலந்துவிடுகிறது. கலப்பது பாவமில்லை. லாம்பிக்கில் இளசையும் முற்றியதையும் ருசி பார்த்துக் கலந்து குவேஸ் என்ற உயர்ந்த பீரைச் செய்கிறார்கள், கலக்குகிறவருக்கே தனிப் பெயரும் மரியாதையும் உண்டு. இங்கே ருசி பார்க்காமல் கலக்கிறார்கள், அதுதான் என் வருத்தம்.

1977-இல் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர், பாடகர் அல்ல, உலக பீர்களைப் பற்றி ஒரு வழிகாட்டி நூல் போட்டார். அதுவரை உள்ளூர்க்காரர் வாயில் மட்டும் வழங்கிய வகைகளை நாடு நாடாகப் போய்க் குடித்து, பெயர் சொல்லி, குணம் சொல்லி எழுதினார். ஆளில்லாமல் தேய்ந்துகொண்டிருந்த சில பீர்கள் மறுபடி எழுந்ததற்கு அவர் எழுத்தும் காரணம் என்பார்கள். கள்ளுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. நம்மிடம் கள்ளைப் பற்றி எழுத்து நிறைய இருக்கிறது: கண்டித்து எழுதியது, கணக்கு எழுதியது. சோழர் காலச் செப்பேடுகளில்கூட, பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரில் ஈழவர் தென்னையிலும் பனையிலும் ஏறக் கூடாது என்று விதி வருகிறது. ஏறுகிறவரிடம் வாங்கிய ஈழம்பூட்சி என்ற வரியும் பழைய சாசனங்களில் வருகிறது. ஏறினவர் இறக்கியது எப்படி இருந்தது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மரங்களும் குறைகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பகுதியில் சாய்ந்த தென்னைகளின் இடத்தில் எல்லாம் கன்று வைக்கப்படவில்லை. சில இடங்களில் மனைப்பிரிவுப் பலகை நிற்கிறது. ஏறும் கைகளும் வயதாகின்றன.

கூடத் தின்ன என்ன? கடை வாசல் சாக்கனாவில் மிளகாய்த்தூள் அதிகம், அது கள்ளை அடித்துவிடும். அவித்த வேர்க்கடலை போதும். வறுத்த நெத்திலிக் கருவாடு இன்னும் உசிதம். கருவாட்டின் உப்பு கள்ளின் இனிப்பை மேலே தூக்கும். மீன் குழம்பு வேண்டாம், இரண்டு புளிப்பு ஒத்துப்போகாது.

முற்பகலில் குடித்த கடலோர மரத்துக் கள்ளுக்கு 50-க்கு 42 போட்டேன். மணத்தில் இரண்டைக் கந்தகம் பிடித்துக்கொண்டது. அதே கள் உச்சிவெயிலில் 35. சாயங்காலம் 20-ஐத் தாண்டவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலக் கள்ளை யாரும் கீழே கொட்டுவதில்லை. ஒரு கரண்டி எடுத்து ஆப்ப மாவில் விட்டு மூடிவைத்தால், விடியற்காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அந்த ஆப்பத்துக்கு மதிப்பெண் போட வேறு தாள் வேண்டும்.