மூன்று குழாய் வடிகால்: கடல்நீர்த் தொட்டிக்கான ஒரு மதிப்பீடு

கடல்நீர் மீன்தொட்டியிலிருந்து, அதன் கீழே வடிகட்டும் கருவிகளைத் தாங்கி நிற்கும் சம்ப் என்னும் துணைத்தொட்டிக்கு நீரை இறக்க, டர்சோ, ஹெர்பி, பீன்அனிமல் என்னும் மூன்று அமைப்புகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. இவற்றுள் பவளம் வளர்ப்போருக்கு வேண்டிய அமைதியையும் பாதுகாப்பையும் ஒருங்கே தருவது மூன்று குழாய்கள் கொண்ட பீன்அனிமலே. டர்சோவின் ஒற்றைக் குழாயில் நீரும் காற்றும் கலந்து இறங்குவதால் சலசலப்பு முற்றிலும் ஓய்வதில்லை. ஹெர்பியில் ஒரு குழாய் காற்றே இல்லாமல் நிறைந்தோடும் சைஃபனாக அமைவதால் ஓசை அடங்குகிறது என்றாலும், நீரை மேலேற்றும் பம்பின் வேகம் சற்றே மாறினாலும், தொட்டியில் வழியும் நீரை வாங்கிக் குழாய்களுக்குத் தரும் வழிபெட்டியின் நீர்மட்டம் நிலைகுலைந்து, அக்குழாயின் வால்வை மீண்டும் திருத்த நேர்கிறது.

பீன்அனிமலில் நீரின் பெரும்பகுதி முதற்குழாய் வழியே சைஃபனாக இறங்க, எஞ்சும் சிறு ஒழுக்கைக் காற்றுத்துளை உள்ள இரண்டாம் குழாய் ஏற்றுக்கொள்வதால், ஓட்டத்தில் நேரும் சிறு மாறுதல்களை அமைப்பே சரிசெய்துகொள்கிறது. நத்தையோ பாசியோ முதற்குழாயை அடைத்து மட்டம் உயருமானால், இரண்டாம் குழாயோடு இணைந்த மெல்லிய காற்றுக்குழலின் வாய் நீரில் மூழ்கி, காற்று நின்று, அக்குழாயும் சைஃபனாக மாறிவிடுகிறது. அதுவும் போதாதபோது, மற்ற நேரமெல்லாம் வறண்டே நிற்கும் மூன்றாம் குழாய் நீரை ஏற்கிறது. இவ்வளவு எளிய பொருள்களால் இத்தகைய காப்பு அமைவது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

பம்ப் ஓடத் தொடங்கியதும் குழாயில் தங்கிய காற்று வெளியேறும்வரை களகளவென ஓசை எழும். முதற்குழாயின் கீழ்முனை சம்ப் நீரில் 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே மூழ்கியிருந்தால் அது விரைவில் அடங்குகிறது. மிக ஆழமாக மூழ்கினால் காற்று சிக்கி, சைஃபன் பிடிக்கத் தாமதமாகும். முதற்குழாயில் பொருத்த வேண்டியது கேட் வால்வு. பால் வால்வு கால் சுற்றிலேயே முழுதும் திறந்து மூடுவதால் நுட்பமான திருத்தத்திற்கு இடம் தருவதில்லை. கடைகளில் எளிதில் கிடைக்கும் பித்தளை கேட் வால்வை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் அதிலிருந்து கசியும் செம்பு பவளத்திற்கும் இறாலுக்கும் நஞ்சாகும். பிவிசி வால்வே தக்கது.

நீரை மேலேற்றும் வழிக்கும் இதே கவனம் வேண்டும். 120 × 60 × 50 செ.மீ. அளவுள்ள, ஏறத்தாழ 360 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு, மணிக்கு 1500 லிட்டர் சம்ப் வழியே சுழன்றால் போதும். பவளத்திற்கு வேண்டிய வலுவான நீரோட்டத்தைத் தொட்டிக்குள் இயங்கும் வேவ்மேக்கரே தர வேண்டும். பம்பின் பெட்டியில் அச்சிட்ட அளவு உயரமே இல்லாத நிலையில் கிடைப்பது என்பதால், ஏற வேண்டிய உயரத்தையும் எல்போக்களின் தடையையும் கணக்கிட்டே அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்விட்டம் 25 மி.மீ. உள்ள குழாய்க்கு மாறாக 20 மி.மீ. குழாயைப் பொருத்தினால், அதே ஓட்டத்தில் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

மின்சாரம் நின்றதும் நீரை மேலேற்றும் அதே குழாய் எதிர்த்திசையில் சைஃபனாகி நீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு 2.5 செ.மீ. கீழே இருப்பின், மேற்கூறிய தொட்டியிலிருந்து 18 லிட்டர் இறங்கும். குழாய்களிலும் வழிபெட்டியிலும் உள்ள நீர் அதனோடு சேரும். இவ்வளவையும் ஏற்கும் வெற்றிடம் சம்ப்பில் எப்போதும் இருந்தாக வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு இதற்கு மாற்றாகாது. சுண்ணாம்புப் படிவு சேர்ந்தால் அதன் தட்டு முழுதும் மூடாது.

குறை என்று சொல்லத்தக்கது, கண்ணாடியில் வடிகாலுக்கு மட்டும் மூன்று துளைகள் வேண்டியிருப்பதே. டஃபன் செய்த, அதாவது வெப்பத்தால் உறுதியாக்கிய கண்ணாடியைத் துளையிட முயன்றால் அது நொறுங்கிவிடும் என்பதால், தொட்டி செய்யும்போதே துளைகளைத் திட்டமிட வேண்டும். மூன்று குழாய்கள் கொள்ளும் வழிபெட்டிக்கு இடமில்லாத சிறு தொட்டிக்கு ஹெர்பியே பொருந்தும்.