கொட்டை எழுத்தும் லயத்து வாசகரும்

தமிழ் அச்சுக்கலையைப் பற்றிப் பேசுவோர் பதிப்பாசிரியரின் புலமையை விரித்துரைக்கும் அளவிற்கு எழுத்தின் உருவத்தை நோக்குவதில்லை. 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழி தாங்கிச் சென்னையினின்று வெளிவந்த நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியவற்றைக் கற்றோர் மலிவுச் சரக்கென்று ஒதுக்கினர். பிழை மலிந்த பதிப்புக்கள் என்பது மெய்யே. ஆயினும், நூற்பெயருக்கு முன்னரே எழுத்தின் அளவைப் பொறித்து விற்ற வணிகன் தன் வாசகர் யாவர் என்பதை நன்கறிந்திருந்தான்.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. 1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரினின்று வந்த தமிழ் எழுத்துக்கள் பருத்திருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆங்குச் சிறிய எழுத்துக்களை வார்த்தே 1715 இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். தாளின் சிக்கனம் எழுத்தைச் சிறுக்கச் செய்தது. கதை நூலாரோ சாணித்தாளைக் கொண்டு விலையைக் குறைத்து, எழுத்தைக் குறைக்காது விட்டனர்.

எழுத்தாணி ஓலையிற் கீறும் கோடு பெரும்பாலும் ஒரே தடிப்பினது. உரோம எழுத்தின் முனைகளில் அமையும் சிறு குறுக்குக்கோடு தமிழுக்கு இயல்பன்று. ஆகலின், அச்சில் மரபெழுத்துக்கு வீறளித்தது தடிப்பும் மெலிவும் மாறிவரும் வளைவே. தடிப்பு மிகுந்தவிடத்து இடரும் உண்டு. 'கி', 'கீ' என்பவற்றைப் பிரித்துக் காட்டுவது நுனியிலுள்ள ஒரு சிறு சுழியே. தேய்ந்த அச்சில் மை அச்சுழியை அடைத்துவிடின் குறிலும் நெடிலும் மயங்கும். சுழி நிறைந்த 'ண', 'ஞ' ஆகியன கரும்புள்ளிகளாய் நிற்கும். பருமை வேறு, தெளிவு வேறு என்பதை அவ்வச்சகத்தார் பலர் உணர்ந்திலர். உள்வெளியை அகலவிட்டுத் தடிப்பைச் சற்றே குறைத்திருப்பின் அதே தாளில் இருமடங்கு விளங்கியிருக்கும்.

இக்குறையோடும் அவ்வெழுத்து மலைநாட்டில் ஆற்றிய பணி சிறிதன்று. கொஸ்லந்த முதலாய ஊவாத் தோட்டங்களின் லயத்து அறை சிறிது. மாலையில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி அதனினும் சிறிது. கொழுந்து கொய்து மீண்டோர் நடுவே எழுத்தறிந்த ஒருவர் இராகம் போட்டுப் படிக்க ஏனையோர் கேட்பர். கல்வி குறைந்த அவ்வாசகர் அடுத்த சொல்லைத் தேடித் தடுமாறின் பாட்டு அறுந்துவிடும். கொட்டை எழுத்து அவர் கண்ணை முன்கூட்டியே அடுத்த சீருக்கு ஈர்த்துச் செல்லும். பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் கூத்தாடிய மக்களுக்கு நூல் என்பது செவிக்குரிய பொருள். எழுத்துருவின் தகுதியை அச்செவியைக் கொண்டே அளத்தல் வேண்டும். தனியே மேசையிலிருந்து மௌனமாகப் படிப்பார்க்கு வகுத்த இலக்கணத்தை ஈண்டு ஏற்றுதல் பொருந்தாது.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை உயிர்களோடு மூடிற்று. அத்தகைய சரிவுகளில் இன்னும் பல லயங்கள் நிற்கின்றன. தகரப் பெட்டிகளில் எஞ்சிய பழம்பிரதிகள் இருப்பின், அட்டை கிழிந்தவை என்று கழிக்காது, விரற்கறை படிந்த பக்கங்களோடு அவற்றைத் திரட்டுதல் தோட்டப் பாடசாலை ஆசிரியர்க்கு இயலும். எவ்விடத்துப் பக்கம் மிகத் தேய்ந்துள்ளது என்பதும் ஆராய்ச்சிக்குரியதே.