வெற்றுக் கூடு சொல்லும் சேதி

அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாவில் தாமே வெடிமருந்து நிரப்பிக்கொள்ளும் ஆர்வலர்கள் ஏராளம். அவர்களில் தேர்ந்தவரைக் காண வேண்டுமானால், இலக்குப் பலகையைப் பார்க்க வேண்டாம். சுட்டு முடித்துக் கூடுகளை வெளியே தள்ளும் கையைப் பாருங்கள். ஆறு பித்தளைக் கூடுகளும் வழுக்கிக்கொண்டு விழுந்தால் அவர் முகம் மலரும். இறுகிக்கொண்டால் துப்பாக்கிக்கு அன்றைக்கு ஓய்வு.

இறுகுவதற்குக் காரணம் உண்டு. வெடிக்கும்போது கூடு விரிந்து சிலிண்டர் அறையின் சுவரில் ஒட்டும். அழுத்தம் அடங்கியதும் சற்றே சுருங்கிப் பிரியும். அழுத்தம் மிகுந்தால் அறையின் எஃகும் கூடுதலாக விரியும். பிறகு எஃகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பித்தளையால் அவ்வளவு சுருங்க முடியாது, சிக்கிக்கொள்ளும்.

அடுத்துப் பார்ப்பது பிரைமர், அதாவது கூட்டின் அடியில் ஊசி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம். உருண்ட விளிம்பு தட்டையாகிக் குழியை நிரப்பியிருக்கிறதா, ஊசி பட்ட பள்ளத்தைச் சுற்றி மேடு எழும்பியிருக்கிறதா என்று தேடுவார்கள். ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. மென்மையான உலோகக் கிண்ணமுள்ள பிரைமர், மிதமான அழுத்தத்திலும் தட்டையாகும். ஒரே அறையில் மட்டும் கூடு சிக்கினால் பழி மருந்தின் மேல் அல்ல; .357 மேக்னம் ரிவால்வரில் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டுச் சுட்டு அந்த அறையில் படிந்த கரிவளையம் காரணமாக இருக்கலாம். அறைகளுக்கு அடையாளமிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஆறிலும் சிக்கினால் விசாரணை மருந்து நிரப்பும் மேசைக்கு வரும். குண்டு ஆழமாக இறங்கிவிட்டதா? உள்ளிடம் குறைந்தாலே அழுத்தம் ஏறும். பிரைமர் வகை மாறியதா? தராசு பிசகியதா? வேகமாக எரியும் மருந்து கூட்டில் சிறிதளவே இடம் பிடிப்பதால், இரட்டை அளவு விழுந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தான் குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் மீதியைச் சுடுவதில்லை. குண்டு பிடுங்கும் சுத்தியலால் பிரித்து, மருந்தை எடை போட்டு, கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.

இந்தக் கலையில் நான் வியப்பது இந்த நிதானத்தைத்தான். பித்தளை உண்மை சொல்லும், ஆனால் தாமதமாகச் சொல்லும். 1873-இல் வந்த .45 கோல்ட் தோட்டாவுக்கு இன்றைய அமெரிக்கத் தொழில் தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு, 1935-இல் வந்த .357 மேக்னத்துக்கோ 35,000. பழைய .45-இல் எல்லை தாண்டி வெகுதூரம் போன பின்னும் பிரைமர் சாதுவாகவே தோன்றலாம். ஐடஹோ பண்ணைக்காரரும் துப்பாக்கி எழுத்தாளருமான எல்மர் கீத், 1920களில் மிகை மருந்தால் தம் .45 சிலிண்டரையே பிளந்துகொண்டார். பிறகு அறைச் சுவர் தடித்த .44 ஸ்பெஷலுக்கு மாறினார். கூடுதல் வலுவுக்கான அந்தத் தேடல்தான் 1955-இன் இறுதியில் .44 மேக்னமாக விளைந்தது.

அறிகுறியைப் படிக்கத் தெரிந்தவரை மதிக்கிறேன். அறிகுறி தோன்றும் அளவுக்கே மருந்தை ஏற்றாதவரை அதனினும் மதிக்கிறேன்.