இணைப்புப் படமும் யதார்த்தமும்

பல புகைப்படங்களை ஒன்றாக்கும் முறை கணினியோடு பிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வரலாற்றை நோக்குமிடத்து, புகைப்படக்கலை 1839 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு இருபதாண்டு நிறையுமுன்னரே இம்முறை முதிர்ச்சி பெற்றிருந்தமை தெளிவாகும். எனவே இணைத்தல் தகுமா தகாதா என்பதன்று அடிப்படை வினா. இணைத்தமை பார்ப்போரிடமிருந்து மறைக்கப்படுகிறதா என்பதே ஆராயற்பாலது.

சுவீடனிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஒஸ்கார் றெய்லாண்டர், 1857 இல் மன்செஸ்டர்க் கண்காட்சியில் ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற படத்தை வைத்தார். 30இற்கு மேற்பட்ட நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு உருவாக்கிய படம் அது. நல்வழிக்கும் தீவழிக்குமிடையே இரு இளைஞர் நிற்கின்றனர். வறுமையும் உழைப்பும் வாழ்வை நிர்ணயிக்கும் விதத்துக்கு அங்கே இடமில்லை. அனைத்தும் தனிமனிதத் தெரிவாகவே காட்டப்படுகின்றன. மத்தியதர வர்க்கத்தின் ஒழுக்கநோக்கை இயற்கையின் சாட்சியம்போல அது முன்வைக்கிறது எனலாம். விக்டோரியா மகாராணி அதன் பிரதியொன்றை வாங்கியமை வியப்புக்குரியதன்று. ஆயினும் றெய்லாண்டர் தமது முறையை 1858 இல் புகைப்படச் சங்கத்தின் முன் விளக்கினார். அவரது கருத்துலகம் விமர்சனத்துக்குரியது. அவரது நேர்மை ஐயத்துக்குரியதன்று.

ஜேர்மனியரான ஜோன் ஹாட்ஃபீல்ட் இம்முறையை வேறு வர்க்கத்தின் கையிற் கொடுத்தார். 1932 ஒக்ரோபரில், தொழிலாளருக்கான படச் சஞ்சிகையொன்றின் அட்டையில், ஹிட்லரின் உயர்த்திய கைக்குள் முகந்தெரியாப் பேருருவான முதலாளி பணத்தாள்களை வைப்பதாக அவர் அமைத்தார். ஹிட்லருக்குப் பின்னால் நிற்கும் ‘மில்லியன்கள்’ மக்களா, பணமா என்பதே படத்தின் வினா. ஒட்டிய விளிம்புகள் நுட்பமாக மறைக்கப்பட்டுள்ளன. ஆனால் உருவங்களின் அளவு வேறுபாடே இஃது ஆக்கப்பட்ட படம் என்று உரைத்துவிடுகிறது. எந்தக் கமெராவும் ஒரே கணத்தில் பிடிக்கவியலாத சமூக உறவொன்றை இணைப்பு புலப்படுத்திற்று. யதார்த்தம் என்பது வெளித்தோற்றம் மட்டுமன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1990 இல் வெளிவந்த போட்டோஷொப் மென்பொருள் 1994 இன் மூன்றாம் பதிப்பிற் படைகளைப் பெற்றது. ஒவ்வொரு படமும் தனிப் படையாக ஒன்றன்மேலொன்று அமையும். வேண்டாப் பகுதியை மறைக்கலாம், ஒளியையும் நிழலையும் பொருத்தலாம். படைகள் பிரிந்திருக்கும்வரை வேலையின் வரலாறு கோப்பிலே தங்கும். அவற்றை ஒன்றாக்கி வெளியிடும்போது அவ்வரலாறு அழிகிறது. வாசகர் காண்பது இறுதித் தோற்றத்தை மட்டுமே.

இதன் விளைவை 2003 ஈராக் போர் காட்டிற்று. பஸ்றா அருகே சில கணங்கள் இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு படங்களை ஒன்றாக்கி அனுப்பினார் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் புகைப்படக்காரர் பிறையன் வால்ஸ்கி. ஒரு படத்திலிருந்த பிரித்தானியப் படைவீரனின் சைகை, மற்றையதில் குழந்தையை ஏந்திய மனிதனை நோக்கியதாயிற்று. பின்னணியிலிருந்தோர் சிலர் இருமுறை தோன்றியமையால் இணைப்பு வெளிப்பட்டது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். இரு படங்களும் தனித்தனியே உண்மை. அவற்றை இணைத்த கணமோ நிகழவேயில்லை.

எந்தப் புகைப்படமும் தெரிவின் விளைவே, முழு உண்மையன்று என வாதிப்போர் உளர். அவ்வாதம் பொருளற்றதன்று. ஆயின் கோணத்தைத் தெரிவதும் நிகழாததை நிகழ்ந்ததாகச் சாட்சி கூறுவதும் ஒன்றாகா. போரில் இறந்தோருக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் பலவேளைகளில் எஞ்சுவது படச்சான்றே. ஒரு பொய்ச்சான்று வெளிப்படும்போது மெய்ச்சான்றுகளையும் மறுக்க ஆதிக்கத்திலுள்ளோர்க்கு வாய்ப்புக் கிட்டுகிறது. எனவே படம் எவ்வாறு ஆக்கப்பட்டது, யார் நலனுக்காக ஆக்கப்பட்டது என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் விமர்சகரின் கடனாகும்.