சிக்கிள் செல்: ரத்தத்தை எண்ணுகிறோம், மூளையை?

போன மாதம், என்னோடு பி.இ. படித்த நண்பன் வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தேன். அவன் மனைவி கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவங்க வகுப்பில் படிக்கும் ஒரு பழங்குடிப் பையனுக்கு சிக்கிள் செல், அதாவது அரிவாள் அணுச் சோகை. "வலி வந்தா லீவு போடுவான், அது புரியுது. நல்லா இருக்கற நாள்லயும் போர்டுல எழுதினதுல பாதிதான் எழுதி முடிக்கிறான். மக்கு இல்லைங்க, கேட்டா பதில் சொல்றான். ஏன்னுதான் தெரியல" என்றார்கள்.

வடமதுரையில் ராத்திரி ஆபீஸ் வேலை முடிந்ததும் அந்த 'ஏன்' பின்னாலேயே போனேன். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைப்பவன். படித்துப் புரிந்ததையும், அதைப் படித்தபின் நம் அரசுத் திட்டத்தின் மேல் எனக்கு வந்த குறையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தியாவில் இந்த மரபணுக் கோளாறு முதலில் பதிவானதே நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் உட்கார்ந்திருக்கும். பிழை அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நாராகிவிடும், சிவப்பணு அரிவாளாக வளையும். 120 நாள் இருக்க வேண்டிய அணு 10, 20 நாளில் அழிந்துபோகும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்துபவர், பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். சோகையில் ஆக்சிஜன் குறையும்போது மூளை ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சமாளிக்கும். ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடும் மோட்டாரை இன்னும் எவ்வளவு முடுக்க முடியும்? ஒரு காய்ச்சல் வந்து தேவை கூடினால் போதும், கடைமடை காய்ந்துவிடும். மூளையில் அந்தக் கடைமடை, பெரிய ரத்தக்குழாய்களின் பாய்ச்சல் எல்லைகள் சந்திக்கும் ஆழமான வெள்ளைப் பகுதி. முன்மூளையில் இது அதிகம் அடிபடுகிறது.

பெரிய அடி என்றால் பக்கவாதம். தடுப்புச் சிகிச்சை பரவாத காலத்தில் அமெரிக்காவில் இந்த நோயாளிகளில் 100-க்கு 11 பேருக்கு 20 வயதுக்குள் அது வந்தது. அதைவிட அதிகம், சத்தமில்லாத அடி. கை கால் விழாது, வாய் கோணாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால் மட்டும் தெரியும். 18 வயதுக்குள் மூன்றில் ஒருவருக்கும் மேல் இது இருக்கிறது. கவனம், நினைவில் பிடித்து வைத்துக்கொள்வது, யோசிக்கும் வேகம் ஆகிய மூன்றும் குறைகின்றன. பையனுக்குப் புரியும், ஆனால் மெதுவாகப் புரியும். எங்கள் தொழிலில் இதை நன்றாகத் தெரியும்: எரர் எதுவும் வராது, சிஸ்டம் மட்டும் இழுக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாத பிள்ளைகள்கூட, நோயில்லாத அண்ணன் தம்பிகளைவிடச் சராசரியில் சில புள்ளிகள் பின்தங்குவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு என்பதால் வறுமையை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது.

இனி என் குறை. 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசம் ஷாதோலில் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. 40 வயது வரை 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை. தமிழ்நாடும் இதில் உண்டு. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் சாதனையாக முன்னே வைக்கப்படுவது எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தோம், எத்தனை அட்டை கொடுத்தோம் என்ற எண்ணிக்கை. அந்த அட்டை முக்கியமாக இனி பிறக்கப்போகும் குழந்தைக்காக. ஏற்கெனவே பிறந்து, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

"நம்ம நாட்டு வகை லேசானது" என்று ஒரு பேச்சும் உண்டு. அரபு-இந்திய வகையில் கருக்கால ஹீமோகுளோபின் கூடுதல், அது பாதுகாப்பு தரும் என்பது உண்மை. ஆனால் வலி குறைவு என்பதை வைத்து மூளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது. பார்க்காத இடத்தில் பழுதில்லை என்று எந்த டெஸ்டரும் கையெழுத்துப் போடமாட்டான்.

பார்க்க வழியும் இருக்கிறது. நெற்றிப்பொட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து மூளை ரத்தக்குழாயில் ஓட்ட வேகத்தை அளக்கலாம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. வேகம் விநாடிக்கு 200 செ.மீ. தாண்டிய பிள்ளைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியபோது பக்கவாதம் 92 சதவீதம் குறைந்தது என்று 1998-லேயே நிரூபித்துவிட்டார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வசதியில்லாத நைஜீரியாவில் ஹைட்ராக்சியூரியா மாத்திரையைக் கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2014-ல் வந்த ஆய்வில் ரத்தம் ஏற்றியது, பக்கவாதமும் சத்தமில்லாத அடியும் சேர்த்து, மூளையில் மீண்டும் அடி விழுவதைப் பாதிக்கும் மேல் குறைத்தது, ஆனால் அறிவுத்திறன் மதிப்பெண் உயரவில்லை. போனது திரும்புவதாகத் தெரியவில்லை. அதனால்தான் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்கிறேன்.

பள்ளியில் செய்யக்கூடியதற்கு மருந்தே வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சிக்கிள் செல்லும் ஒன்று. கூடுதல் நேரம், எழுதிய குறிப்பின் நகல், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். மெதுவாக ஓடும் மூளைக்கு நேரம்தான் முதல் உதவி.

டீச்சருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அந்தப் பையனுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, கண்பார்வைக் குறையாகக்கூட இருக்கலாம் என்றும் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "அவன் அம்மாகிட்ட கேட்டேன். அட்டை பத்திரமா வெச்சிருக்காங்க. தலையை யாரும் பார்த்ததே இல்லையாம்."